மணக்காத உடுப்பு

இந்தப் போகம் முடிவதற்குள் ஒரு காட்டுப் பன்றியாவது என் துவக்குக்கு விழ வேண்டும். விழாவிட்டால் என் பெயர் ஷரிபுதீன் இல்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பகல் சோற்றுக்கு இருந்தபோது, மீனாணத்துக்கு முன்னால் கையை உயர்த்தி, சத்தமாகச் சொன்னேன். என் மனைவி ஸம்ஸியா அகப்பையைக் கீழே வைத்தாள்.

“மறுகா என்ன பேர் வெக்கப் போறீங்க?”

“என்னது?”

“ஷரிபுதீன் இல்லாட்டி வேற ஒண்டு வேணுமே. கடைட பேர்ப்பலகையையும் மாத்தோணும். முன்னுக்கே சொன்னா வசதி. அதோட, சோறு திங்கிற இடத்துல அந்தச் சாமான்ட பேர எடுக்காதீங்க.”

கல்முனை பஸாரில் எனக்கு அத்தர்க் கடை. ஊது, கஸ்தூரி, ரோஜா, மல்லிகை, சந்தனம் எல்லாம் என்னிடம் உண்டு. மூக்கால் உழைத்துச் சோறு தின்கிறவன் நான். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கைலேஞ்சித் துணியை நீட்டுங்கள். அதில் என்ன அத்தர், எந்த நாட்டுச் சரக்கு, அதைப் பூசிக்கொண்டு போனவர் கல்யாண வீட்டுக்குப் போனாரா கடன் கேட்கப் போனாரா என்பதுவரை சொல்வேன். வாசனை விசயத்தில் இந்தக் கரையோரத்தில் எனக்கு மேல் ஆளில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடைய சீதனம். வளவு சீதனம். கிணறு சீதனம். நான் தலை வைத்துப் படுக்கிற தலையணையும் சீதனம்தான். அதே கணக்கில் வரிப்பத்தான்சேனையில் உள்ள வயலும் ஸம்ஸியாவுக்கு அவளுடைய வாப்பா கொடுத்தது. விதைப்பிப்பது நான். வெட்டுவிப்பது நான். வரம்பில் நின்று அடுத்த வயல்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்வது நான். ஆனால் ‘எங்கட வயல்’ என்று நான் யாரிடமாவது சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்றால் மெல்ல ஒரு இருமல் இருமுவாள். மாமனார் மௌத்தான பிறகு, பயிர்க் காவலுக்கென்று அவர் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்த துவக்கு மட்டும் என் பெயருக்கு மாறியது. அந்த வீட்டில் என் பெயரில் உள்ள ஒரே சாமான் அதுதான்.

அந்த வயலில்தான் பன்றி இறங்கிக்கொண்டிருந்தது. மலையடிப் புதர்ப் பத்தையிலிருந்து மஃரிப் கருக்கலில் குடும்பத்தோடு வரும். தின்பது கொஞ்சம், உழக்குவது மிச்சம். போன போகத்தில் அவை தின்று மிஞ்சியதைத்தான் நாங்கள் வெட்டினோம். இப்போது சிறுபோகம். மறுபடியும் கதிர் வந்திருக்கிறது. மறுபடியும் பன்றியும் வந்திருக்கிறது.

“இஞ்சாருங்க,” என்றாள் ஸம்ஸியா. “இந்த முறையும் பண்டி திண்டா, அடுத்த போகம் வயல் ஸஜாத்துக்குத்தான்.”

ஸஜாத் என் சகலன். ஸம்ஸியாவின் தங்கை றிப்னாவை முடித்தவன். நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு அவனிடம் பிடிக்காத குணம். எந்த வேலையைச் சொன்னாலும், என்னை அண்ணன் முறைக்குக் கூப்பிட்டு, “பாப்பம் காக்கா” என்று சிரிப்பான். மறுநாள் பார்த்தால் அந்த வேலை முடிந்திருக்கும். இப்படி ஒரு சகலன் இருக்கிற குடும்பத்தில் ஒரு மனிதன் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? அவன் என் வயலில், சரி, ஸம்ஸியாவின் வயலில், வரம்பு கட்டிக்கொண்டு நிற்க, நான் தெருவால் போய்க் கையாட்டுவதா? அதைவிடப் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடலாம்.

“ஒரு பண்டி விழுந்தா வயல் என்ட கையில. ஒண்டும் விழாட்டி ஸஜாத்துக்குக் குடு. சம்மதமா?” என்றேன்.

“சம்மதம்.”

யோசிக்காமல் சொன்னாள். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வயலுக்குப் போகத் தொடங்கினேன். வயல் காவல் குடிசையான வாடிக்குள் துவக்கோடு குந்தியிருந்தேன். நுளம்பு வந்து கடித்தது. மயில் வந்தது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை வந்து, சும்மாதானே இருக்கிறீர் என்று வாய்க்கால் துப்புரவாக்கக் கூப்பிட்டார். பன்றி மட்டும் வரவில்லை. நான் போகாத நாள் பார்த்து வந்து தின்றுவிட்டுப் போனது.

ஸம்ஸியா விசாரித்தாள்.

“நீங்க போன நாளெல்லாம் பண்டி வரல்லையா?”

“வரல்ல.”

“போகாத நாள்?”

“வந்திரிக்கி. காட்டுப் பக்கமெல்லாம் உழக்கிப் போட்டிரிக்கி.”

“அப்ப நீங்க போனா அது வராது?”

“வராது! அதுதானே பிரச்சினை!”

“இதுல என்ன பிரச்சினை?”

“வந்தாத்தானே புள்ள சுடலாம்! வராத பண்டிய எப்பிடிச் சுடுற? வேட்டையப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்டும் தெரியா,” என்றாள். அதைச் சொல்லும்போது கண்ணை ஒரு பக்கமாகச் சரித்து எதையோ யோசித்தாள். விளங்காத விசயத்தைக் கேட்டால் பெண்களுக்கு முகம் அப்படித்தான் போகும் என்று நினைத்து அவள்மேல் இரக்கப்பட்டேன்.

விசயத்தை எனக்கு விளக்கியவன் கனகரெத்தினம். காரைதீவுக்காரன், எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவனுடையது. என் வயதுக்காரன். நாங்கள் மச்சான் போட்டுத்தான் கதைப்போம். என் வேட்டையில் அவனுக்கு என்னைவிட ஆர்வம். சுடுவது என் வேலை, தின்பது அவன் வேலை என்று முன்னமே பேசி வைத்திருந்தோம்.

“மச்சான், பண்டிக்குக் கண் மட்டு. மூக்குத்தான் எல்லாம். நீ சம்மாந்துறையத் தாண்டக்குள்ளயே அதுக்குத் தெரிஞ்சிரும், அத்தர்க்காரர் வாறாரெண்டு.”

“என்ட அத்தரா?”

“அத்தர் மட்டுமா? அத்தருக்கு மேல வேர்வை. வேர்வைக்கு மேல ஒண்ட ஊட்டுச் சாம்பிராணி. நான் வாய்க்காலுக்கு அங்கால நிண்டே கண்ணத் துடைக்கிறன். அது பாவம், வாயில்லாச் சீவன்.”

“டேய், அது ஊது. பெறுமதியான ஊது!”

“பெறுமதி பண்டிக்குத் தெரியுமா? நீ மணக்காம வா மச்சான். வந்தா ஒண்டு விழும். ஒனக்கு ஹராம், எனக்கு விருந்து. மிளகு, வெள்ளப்பூடெல்லாம் என்ட பொஞ்சாதி அரைக்க ஆயத்தமா வெச்சிரிக்காள்.”

மணக்காமல் வா! அத்தர்க் கடைக்காரனைப் பார்த்து! வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றோடு கதை பேச்சு முடிந்திருக்கும். ஆனால் வேட்டைக்காரன் கோபப்படக் கூடாது. போனை எடுத்துத் தேடினேன். தேடியவன் கண்டடைந்தேன்.

வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்றே ஒரு உடுப்பு தைத்திருக்கிறார்கள். துணிக்குள்ளே கரி. உடம்பு மணத்தை வெளியே போகவிடாமல் அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஒரு வீடியோவில் மான் ஒன்று வேட்டைக்காரனுக்கு மிக அருகில் வந்து, மரமென்று நினைத்துக் காது சொறிந்துவிட்டுப் போகிறது. இலை குழை போட்ட நிறத்தில்தான் அங்கே அதிகம் விற்கிறார்கள். அதை உடுத்துக்கொண்டு இங்கே இறங்கினால் பன்றிக்கு முன்னால் ஆமிக்காரன் வந்து விசாரிப்பான். அதனால் வெறும் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுப்பித்தேன். விலையைக் கேட்காதீர்கள். ஸம்ஸியா கேட்டாள், அவளுக்கே சொல்லவில்லை.

பார்சல் வந்து சேர்ந்தபோது கதிர் பழுக்கத் தொடங்கியிருந்தது. ஸம்ஸியா உடுப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

“புது உடுப்பு, ஒரு மணமும் இல்லையே?”

“அதுதான் விசயமே! உள்ளுக்குக் கரி இரிக்கி.”

“கரியா? குசினிக்குள்ள சாக்கோட கிடக்கே. பழைய சேட்டுல பூசித் தந்திருப்பனே.”

“இது விஞ்ஞானக் கரி.”

“எரியுமா?”

“எரிக்கிறதுக்கில்ல!”

“எரிக்கேலாத கரிய என்னத்துக்கு வாங்கின?”

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேட்டை நடக்காது. நான் வீட்டு நடுவில் நின்று சட்டங்களை அறிவித்தேன். உடுப்பு மட்டும் போதாது, உடம்பும் வீடும் ஒத்துழைக்க வேண்டும் என்று வீடியோக்காரன் தெளிவாகச் சொல்லியிருந்தான். ஆகவே வேட்டை முடியும்வரை இந்த வீட்டில் மணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் அத்தர் பூச மாட்டேன், உடம்பில் ஊறிய மணம் போகும்வரை வயல் பக்கமும் போக மாட்டேன். கடையைப் பூட்டியாயிற்று. வாசனைச் சவுக்காரம் வேண்டாம். வியாழன் பின்னேரம் சாம்பிராணி வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம்.

ஸம்ஸியா ஒழுங்காகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“பொரிக்கலாமா?”

“கூடாது.”

“தாளிக்க?”

“கூடாது.”

“கூட்டு அரைக்க?”

“அந்தப் பக்கமே போகாத!”

“நல்லம்,” என்றாள். குசினிக் கதவைச் சாத்திக் கொளுக்கியையும் போட்டுவிட்டாள். இவ்வளவு கீழ்ப்படிவை நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து கண்டதில்லை. பிறகு அவளே ஒன்றை ஞாபகப்படுத்தினாள்.

“ஒங்கட பழைய சாரன், சேட்டு, பெனியன், தலகணி உறையெல்லாம் கிடக்கே. அலுமாரியத் துறந்தா கடை முழுக்க ஊட்டுக்க வந்தமாதிரிக் கிடக்கு. அதுகள என்ன செய்யிற?”

நான் அதை யோசிக்கவே இல்லை.

“கழுவிப் போடு.”

“கழுவினா சவுக்காரம் மணக்குமே?”

“ஓம், மெய்தான். அப்ப கழுவாத. மூட்டையாக் கட்டித் தூரமா எங்கயாவது அனுப்பு.”

“கழுவாமத்தானே?”

“கழுவாம!”

“தூரமாத்தானே?”

“எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லம்!”

“மறுகா என்னக் குத்தம் சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டன் புள்ள. ஒரு விசயத்த எத்தின தரம் கேக்குற?”

அன்று பின்னேரம் ஸஜாத் மோட்டார் சைக்கிளில் வந்து மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டினான். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டேன். “பாப்பம் காக்கா” என்று சிரித்தான். போகட்டும், சாகட்டும். என் எண்ணமெல்லாம் பன்றியில் இருந்தது. மருதமுனைச் சாரன் ஒன்றைப் புதிதாக உடுத்துக்கொண்டு, இப்படி ஒத்துழைக்கிற ஒரு மனைவியைத் தந்ததற்காக அல்லாஹ்வுக்குச் சுக்ர் செய்தேன்.

மறுநாள் பகல் சோற்றுக்கு இருந்தேன். அவித்த மரவள்ளிக் கிழங்கும் ஒரு கோப்பைத் தண்ணீரும் வந்தன.

“ஆணம் எங்க?”

“மணக்குமே.”

“ஒரு சம்பலாவது?”

“வெங்காயம் போடாமலா?”

“முட்டை?”

“அவிச்ச முட்டை மணக்காதா? அத்தர்க்காரருக்கு நான் சொல்லித் தரோணுமா?” சொல்லிக்கொண்டே அபாயாவைப் போட்டாள். “நீங்க சாப்பிட்டு இரிங்க. நான் றிப்னாட ஊட்ட ஒருக்காப் போயிட்டு வாறன்.”

அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் போனாள். சமையல் இல்லாத வீட்டில் அவளுக்கு என்ன வேலை? அவள் திரும்பி வந்து வாசல் கடப்பைத் திறக்கும்போதே என் மூக்கு சொல்லிவிடும். இன்றைக்கு நெய்ச்சோறு. மாட்டிறைச்சி. கத்தரிக்காய்ப் பிரட்டல், அதில் கறிவேப்பிலை கொஞ்சம் கூடிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மூக்கை நான் வெறுத்தேன்.

“ஸஜாத் நல்ல இறைச்சி வாங்கினவராம். ஒங்களுக்கும் ஒரு பங்கு தந்தவங்க.”

“எங்க? எங்க வெச்சிரிக்காய்?”

“மணக்குமெண்டு கொண்டுவரல்ல.”

வயிறு சத்தம் போட்டது. வெள்ளைக்காரனின் உடுப்பில் மணத்துக்குத்தான் பாதுகாப்பு உண்டு, சத்தத்துக்கு இல்லை. ஆனாலும் நான் தளரவில்லை. பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுதவர் ஸலாம் கொடுத்ததும் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். “நீங்களா? இவ்வளவு நேரமும் வேற ஆரோ எண்டு நினைச்சன். சுகமில்லையா?” என்றார். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அதற்கிடையில் கனகரெத்தினம் போன் எடுத்தான். குரலில் அழுகை.

“மச்சான், எங்க நிக்காய்? பண்டி முழுக்க என்ட வயலுக்க இறங்கிட்டு!”

“என்ட வயல்?”

“ஒண்ட வயல்ல ஒரு கதிர் அசையல்ல. வரம்போட நிண்டு கிறுகி என்ட பக்கம் வருது. என்ன மருந்து வெச்சாய்?”

“மருந்தெல்லாம் இல்ல மச்சான். இது துவக்குக்காரன்ட வயலெண்டு இப்பதான் அதுக்கு விளங்கியிரிக்கி.”

இப்படித்தான் நான் விளக்கம் கொடுத்தேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

வெட்டு மெசினுக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அதற்கு முதல் நாள்தான் எனக்குக் கடைசி நாள். அன்று ஒன்று விழுந்தால் வயல் என் கையில். விழாவிட்டால் ஸஜாத்தின் கையில். அஸர் தொழுதுவிட்டு வெளிக்கிட்டேன். தெருப் புழுதி மணம் ஒட்டாமல் இருக்க, வயலோரம் போய்த்தான் உடுப்பை மாட்டினேன். சிறுபோக வெயிலுக்குள் அந்தக் கரி உடுப்பு பிட்டுப் பானைக்குள் இறக்கி மூடியதைப் போலிருந்தது. கனகரெத்தினம் சாக்கும் கத்தியுமாக நின்றான். வாயில் வெற்றிலை.

“துப்பு,” என்றேன்.

“துப்பிட்டன்.”

“துப்பினதும் மணக்கும். நீ தெருவிலயே நில்லு.”

“சரி மச்சான். முதுகுப் பக்கம் பாத்துச் சுடு. தொடை இறைச்சி பழுதாகாம.”

தெருப் பக்கத்தால் இறங்கி வாடிக்குள் குந்தினேன். எனக்கு முன்னால் சாய்ந்து கிடக்கிற நெல். அதற்கு அங்கால் காட்டுப் பக்க வரம்பு. அதற்கும் அங்கால் பத்தை. காற்று என் முதுகிலிருந்து நேரே பத்தைக்கு வீசியது. பழைய ஷரிபுதீனாக இருந்தால் இந்நேரம் பன்றிகள் இறக்காமம் குளத்தைத் தாண்டியிருக்கும். புதிய ஷரிபுதீன் சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.

வந்தன. பத்தை அசைந்தது. முதலில் ஒரு பெரியது, பின்னால் நாலைந்து. வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. நேரே என்னை நோக்கி வந்தன. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, பெருமையில். மூக்கால் உலகத்தை ஆளுகிற ஒரு பிராணிக்கு முன்னால் நான் இல்லாமல் இருந்தேன்! துவக்கைத் தூக்கினேன். இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும். வரம்பில் ஏறட்டும். ஏறினால் முடிந்தது.

பெரியது வரம்படிக்கு வந்து மூக்கை நீட்டியது. நின்றது. ஒரு தும்மல் போட்டது. சத்தியமாகத் தும்மியது, நான் கேட்டேன். அடுத்த கணம் கூட்டமாகக் கிறுகி, பக்கவாட்டில் பாய்ந்து, கனகரெத்தினத்தின் வயலுக்குள் விழுந்து ஓடின.

“மச்சான், சுடு! சுடு! இஞ்சால வருது!” என்று கத்திக்கொண்டு கனகரெத்தினம் சாக்கை வீசியபடி தன் வயலுக்குள் ஓடிவந்தான். அவன் நிற்கிற பக்கம் எப்படிச் சுடுவது? துவக்கைத் தாழ்த்தினேன். பன்றிகள் போய்விட்டன. அவனுடைய விருந்தும் போய்விட்டது.

உடுப்பு பழுதா? கழுத்துக்குள் மூக்கை விட்டு மோந்தேன். ஒன்றுமில்லை. கையை மோந்தேன். ஒன்றுமில்லை. அப்படியென்றால் அந்த வரம்பில் என்ன இருக்கிறது? நெல்லுக்குள்ளால் நடந்து போனேன். வரம்பைத் தாண்டிக் காற்றுக்கு அங்கால் இறங்கியதும் ஒரு வீச்சம் முகத்தில் அடித்தது. நானும் தும்மினேன்.

இத்தனை நாளாக அத்தர் பக்கமே போகாமல் சுத்தமாகக் கிடந்த மூக்கு. தொழில் மூக்கு. அது தன் வேலையைத் தொடங்கியது. முதலில் ஊது. அதற்குக் கீழே கஸ்தூரி. பிறகு ரோஜா. எல்லாவற்றுக்கும் அடியில், நாள்பட்ட, நன்றாக ஊறிய மனித வேர்வை. அல்லாஹ்வே, இப்படியும் ஒரு மனிதன் நாறுவானா? இவனோடு இவன் வீட்டார் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள்? கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணோடு இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். இந்த மூன்று அத்தரையும் ஒன்றாகக் கலந்து பூசுகிறவன் கல்முனையில் ஒருவன்தான் இருக்கிறான். அந்தக் கலவை என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

குனிந்து பார்த்தேன். வரம்பின் பத்தைப் பக்கச் சரிவு நெடுகிலும் குட்டைக் கம்புகள், பன்றியின் மூக்கு உயரத்துக்கு. ஒவ்வொரு கம்பிலும் என் உடுப்பு. என் சாரன்கள். என் சேட்டுகள். என் பெனியன்கள். மூலையில் என் தலையணை உறை, கொடியைப் போல ஆடிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கனகரெத்தினம் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி உடுப்பைப் பார்த்தான்.

“மச்சான்,” என்றான் மெதுவாக, “இதக் கட்டின மூளை ஒண்டதில்லையே?”

உடுப்பைக் கழற்றாமல், அதே கோலத்தோடு வீட்டுக்குப் போனேன். கடப்படியிலேயே கருவாடு மணத்தது. குசினிக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஸம்ஸியா பொரித்துக்கொண்டிருந்தாள். முன் கதிரையில் உட்கார்ந்து ஸஜாத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“என்ட உடுப்ப வயல்ல கட்டினது ஆரு?”

“ஸஜாத்,” என்றாள் திரும்பாமலே.

“கட்டச் சொன்னது?”

“நான்.”

“ஏன்?”

“நீங்கதானே சொன்னீங்க, நீங்க போனா பண்டி வராதெண்டு. போகாட்டி வருதெண்டு. அப்ப அது பயப்புடுறது துவக்குக்கு இல்ல, ஒங்கட மணத்துக்கு. மணம் போறத்துக்கு நீங்க என்னத்துக்குப் போகோணும்? நுளம்புக்கடியும் பட்டுக்கிட்டு. உடுப்புப் போனாக் காணாதா?”

“என்னட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“கேட்டுட்டுத்தானே அனுப்பின? கழுவாமத்தானே எண்டும் கேட்ட, தூரமாத்தானே எண்டும் கேட்ட. குத்தம் சொல்ல மாட்டன் எண்டும் சொன்னீங்க.”

உடனே நிமிர்ந்துவிட்டேன். வியாபாரி நான். கைநட்டத்தையும் இலாபமாக எழுதத் தெரிந்தவன்.

“சரி! வயல் தப்பிட்டு. ஆரால தப்பின? என்ட உடுப்பால. என்ட அத்தரால. என்ட வேர்வையால. அப்ப காப்பாத்தினது நான்தான். வயல் என்ட கையில!”

“பண்டி விழுந்ததா?”

“...இல்ல.”

“விழுந்தா ஒங்களுக்கு, விழாட்டி ஸஜாத்துக்கு. கையத் தூக்கிச் சொன்ன ஆள் நீங்க.”

“விழ விட்டாத்தானே! வரம்போட வந்தத நீங்க விரட்டிட்டீங்க!”

“நானா விரட்டின? ஸஜாத்தா விரட்டின? ஒங்கட மணம்தானே விரட்டின?”

நான் ஸஜாத்தைப் பிடித்தேன்.

“ஏன்டா, கட்டுறதெண்டா ஒண்ட சேட்டக் கட்டியிருக்கலாமே?”

ஸஜாத் தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொன்னது ஸம்ஸியா.

“முதல்ல அவர்ர சேட்டத்தான் கட்டிப் பாத்த. அவரு நாளைக்கு ரெண்டு தரம் குளிக்கிற மனிசன். அத்தரும் பூசுறல்ல. பண்டி வந்து அந்தச் சேட்டுல முதுகு தேச்சிட்டுப் போயிரிக்கி. ஒங்கட மணம் மாதிரி ஒண்டு இந்தக் கரையில ஆருக்கும் இல்ல.”

“மெய்தான் காக்கா,” என்றான் ஸஜாத், மரியாதையோடு.

சொல்ல வெட்கம்தான். ஆனாலும் அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையிலேயே கையைக் கழுவிக்கொண்டு இருந்து, கருவாட்டோடு வயிறு நிறையச் சோறு தின்றேன். தின்று முடிந்தபோதுதான் வயல் கைமாறிவிட்டது என்பது விளங்கியது.

இப்போது பெரும்போகம். வரம்பில் நின்று புத்தி சொல்வது ஸஜாத். அவன் புத்தி சொல்வதில்லை, வேலை செய்கிறான். பயிர் நன்றாக இருக்கிறதாம். அந்தக் கரி உடுப்பு ஸம்ஸியாவிடம். கருவாடு பொரிக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கல்யாண வீட்டுக்குப் போகிற நாளிலும் இனிப் பயமில்லாமல் பொரிக்கலாம், அருமையான சாமான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

எனக்கும் குடும்பத்தில் ஒரு பொறுப்பு தரப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் மணம் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. அடிக்கடி புது மூட்டை போக வேண்டும். வெறும் அத்தரைத் தெளித்து அனுப்பிப் பார்த்தோம், பன்றி மதிக்கவில்லை. வேர்வையும் சேர வேண்டும். அது கடைக் கதிரையில் இருந்தால் வராது. ஆகவே வளவு கூட்டுவது, தேங்காய் உரிப்பது, கிணறு இறைப்பது, விறகு கொத்துவது எல்லாம் இப்போது நான்தான். இந்த வேலைக்கெல்லாம் முன்பு கூலிக்கு வந்துகொண்டிருந்த ஆளை ஸம்ஸியா நிறுத்திவிட்டாள்.

நேற்றுப் பின்னேரம் ஒரு அடுக்கு விறகைக் கொத்தி முடித்து, கோடரியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தேன். சேட்டைப் பிழிந்தால் ஒரு வாளி நிறையும். ஸம்ஸியா வந்தாள். என் கழுத்துப்பட்டியைப் பிடித்துக் கிட்ட இழுத்தாள். கண்ணை மூடி, நிதானமாக மோந்து பார்த்தாள். நான் கடையில் குப்பியைத் திறந்து சரக்குப் பார்க்கிற அதே பதனம்.

“எப்பிடி?” என்றேன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

“காணாது,” என்றாள். “கனகரெத்தினம் அண்ணனும் ரெண்டு சேட்டுக்குச் சொல்லியிரிக்காரு. அந்தப் புளியங்குத்தியையும் கொத்துங்க.”